பிஜி ரூம்ல மாடல் கிட்: காசு போறது கட்டின மாடல்ல இல்ல, கட்டாத பெட்டில



பொழுதுபோக்குச் செலவு பத்தின வீடியோவுல ஸ்கேல் மாடல் கிட் பத்தி ஒரு நிமிஷம்தான் பேச முடிஞ்சது. அந்தக் கணக்கை முழுசா எழுத்துல போட்டுடலாம்னு இந்தப் பதிவு. விமானம், டாங்க், கப்பல், கார், கண்டம் ரோபோன்னு பிளாஸ்டிக் கிட் வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கிறவங்களுக்கானது. அதுலயும் சொந்த ஊரை விட்டுட்டு வேலைக்காக ஒரு ரூம்ல தங்கியிருக்கிறவங்களுக்கு.

பெருங்களத்தூரை எடுத்துக்குங்க. ஸ்ரீராம் கேட்வே ஐடி பார்க், சானடோரியம் மெப்ஸ், மறைமலை நகர், ஒரகடம் கம்பெனிகள்னு எங்க வேலைன்னாலும் தங்குறதுக்கு வசதியான இடம். எலக்ட்ரிக் ட்ரெயின் இருக்கு, தெற்கே போற பஸ் இருக்கு. 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகும், வெள்ளிக்கிழமை ராத்திரி பையோட நிக்கிற கூட்டத்துக்கு இந்தப் பேரு பழகின பேருதான். (இந்த ஏரியால ஜிஎஸ்டின்னா முதல்ல ரோடு, அப்புறம்தான் வரி.) ஒரு ரூம்ல ரெண்டு கட்டில், மூணு கட்டில். ஆளுக்கு ஒரு அலமாரி. மேஜை இருந்தா அதிர்ஷ்டம்.

இந்த வாழ்க்கைல மாடல் பில்டிங்குக்கு ஒரு விசித்திரமான விஷயம் நடக்குது. கட்டுறதுக்கு மேஜை வேணும், வெளிச்சம் வேணும், ரூம்மேட் பொறுமை வேணும். வாங்குறதுக்கு போன் மட்டும் போதும். ஊர்ல இருந்தப்போ ரெண்டும் ஒண்ணா போயிட்டிருந்தது. வெளியூர் வந்ததும் கட்டுறது கஷ்டமாகுது, வாங்குறது சுலபமாவே இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு வந்து படுக்கும்போது கத்தியும் பசையும் எடுக்கத் தோணாது. ஆனா "இன்னும் 2 மட்டும்தான் ஸ்டாக்"னு ஒரு பாக்ஸ் படம் வந்தா விரல் தானா போகும். அந்த நிமிஷம் மாடல் செஞ்ச மாதிரியே ஒரு திருப்தி வரும். பெட்டி வரும், கட்டிலுக்கு அடியில போகும்.

ஜப்பான்ல இதுக்குத் தனிச் சொல்லே இருக்கு, "சுமிப்புரா". வாங்கி அடுக்கி வெச்சு, கட்டாம கிடக்கிற பிளாஸ்டிக் மாடல்னு அர்த்தம். நம்ம ஆளுங்க "ஸ்டாஷ்"ம்பாங்க. பேர் எதுவா இருந்தாலும், அது பூட்டி வெச்ச பணம்.

முதல்ல கட்டுற நேரத்தை எண்ணுங்க

பட்ஜெட்னா எல்லாரும் சம்பளத்துல இத்தனை சதவீதம்னு ஆரம்பிப்பாங்க. இந்தப் பொழுதுபோக்குக்கு அது தப்பான வாசல். சதவீதம் போட்டா அந்தக் காசை செலவு பண்ணியே ஆகணும்னு தோணும். முதல்ல, வருஷத்துக்கு உங்களால எத்தனை கிட் முடிக்க முடியும்னு பாருங்க.

ஒரு மாதிரிக் கணக்கு. வாரத்துல நாலு ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் 40 நிமிஷம். மொத்தம் 160 நிமிஷம், அதாவது 2 மணி 40 நிமிஷம். வருஷத்துக்கு 52 வாரம். ஊருக்குப் போற வாரம், தீபாவளி, பொங்கல், ஆபீஸ்ல ரிலீஸ் வாரம், காய்ச்சல் எல்லாம் கழிச்சா 44 வாரம்னு வெச்சுக்கலாம். சுமார் 117 மணி நேரம் வருது. நிதானமா செய்யறவருக்கு ஒரு கிட்டுக்கு 40 மணி நேரம் ஆகுதுன்னா, வருஷத்துக்கு மூணு கிட் கூட முழுசா வராது.

மூணு. இதுதான் உங்க வரம்பு. ஆபர் வந்தாலும் இது மாறாது, போனஸ் வந்தாலும் மாறாது.

இப்போ காசுக்கு வருவோம். கிட் 2,400 ரூபாய், உப்புத்தாள், பசை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்னு வையுங்க. 2,800 ரூபாய்க்கு 40 மணி நேரம் சந்தோஷம், மணிக்கு 70 ரூபாய். மால்ல ஒரு சினிமா, ஒரு பாப்கார்னோட ஒப்பிட்டா இது ரொம்ப மலிவு. அதே ஆள் வருஷத்துக்கு அஞ்சு கிட் வாங்கி ஒண்ணு மட்டும் முடிச்சா? 12,000 ப்ளஸ் 400, மொத்தம் 12,400 ரூபாய். கட்டினது அதே 40 மணி நேரம்தான். மணிக்கு 310 ரூபாய். கிட் விலை ஏறல, பொழுதுபோக்கு நாலு மடங்குக்கு மேல விலை ஏறிடுச்சு.

சம்பளத்துல இது எங்க உட்காரும்? கைக்கு 38,000 வர்ற ஒருத்தரை நினைச்சுக்குங்க. வீட்டுக்கு 12,000, சாப்பாட்டோட பிஜி 8,500, ஆர்டியோ எஸ்ஐபியோ 5,000, ஊருக்குப் போய்வர 2,500, ஆபீஸ் போக்குவரத்து, போன் 2,500, துணிமணி, மருந்து, வெளிச்சாப்பாடு 5,000. மீதி 2,500. அதுல 1,000 ரூபாய் மாடலுக்கு. வருஷத்துக்கு 12,000. மூணு கிட்டுக்கு 8,400 போனா 3,600 மிஞ்சும், அது கருவிக்கும் பெயின்ட்டுக்கும். இந்த 1,000-ஐ சம்பள அக்கவுன்ட்லயே வெச்சிருக்காதீங்க. சம்பளம் வந்த அன்னைக்கே இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாத்திடுங்க, அந்தக் கணக்கு டெபிட் கார்டுல மட்டும் கிட் வாங்குங்க. அதுல பணம் இல்லைன்னா கிட் இல்லை. கிரெடிட் கார்டு பக்கமே போக வேண்டாம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%, அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. கட்டாத கிட்டுக்கு வட்டி கட்டுறது மாதிரி மோசமான கணக்கு வேற இல்ல.

"ஆனா கிட் விலை ஏறிட்டே போகுதே, இப்பவே வாங்கி வெச்சா லாபம்தானே?"

இந்தக் கேள்வில பாதி உண்மை இருக்கு. சுங்க அட்டவணைல ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்புல, 9503-ல வருது. பொம்மைக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20%-லிருந்து 60% ஆச்சு, 2023 பட்ஜெட்ல 70% ஆச்சு. 2021 ஜனவரி 1-லிருந்து பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரச் சான்றும் கட்டாயம். உள்ளூர் பொம்மைத் தொழிலுக்காக வந்த விதி. அதுல 35 வயசு ஆள் வாங்குற டாங்க் கிட்டும் மாட்டிக்குச்சு. விலை ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா ஒரு பெரிய காரணம் இதுதான். வெளிநாட்டு சைட்ல யென்ல, டாலர்ல விலை பார்த்து "ரொம்ப கம்மி"னு ஆர்டர் போடறவங்க, ஷிப்பிங், வரி, கூரியர் கம்பெனி போடற சேவைக் கட்டணம் மூணையும் சேர்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.

ஆனா வாங்கி வெச்சா லாபம்ங்கிறது வேற விஷயம். கிட் தங்கம் இல்ல. டெக்கால்னு சொல்ற ஒட்டுத்தாள் வருஷம் போகப் போக மஞ்சளாகும், தண்ணில போட்டா நொறுங்கும். பழைய கிட்டுகள்ல வர்ற வினைல் டயரும் டாங்க் செயினும் பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக்கை உருக்கின மாதிரி அரிச்சுடும். கிடைக்கவே கிடைக்காதுன்னு நினைச்ச கிட்டை கம்பெனியே திரும்ப அச்சடிச்சு விடும். விக்கப் போனா பெட்டி நசுங்கியிருக்குன்னு விலை குறைப்பாங்க.

அப்புறம் நம்ம ஏரியாவுக்கே உரிய ஒரு ரிஸ்க். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி மூழ்குச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தரைத்தளத்துல ரூம் எடுத்துட்டு கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டி அடுக்கறது முதலீடு இல்லைங்க.

ரூமுக்கு ஒரு பாதி வேலை, ஊருக்கு மறுபாதி

வெளியூர்ல இருந்துட்டே மாடல் செய்யறவங்க முடிக்காம விடறதுக்கு முக்கியமான காரணம், எல்லா வேலையையும் ரூம்லயே முடிக்கணும்னு நினைக்கிறது. வேலையைப் பிரிங்க. ஓசை இல்லாத, வாசம் இல்லாத வேலை ரூமுக்கு: ஃப்ரேம்லேருந்து பாகங்களை வெட்டறது, தேய்க்கறது, பொருத்தறது, பிரஷ்ல சின்னச் சின்ன பாகத்துக்கு பெயின்ட் போடறது. ஸ்ப்ரே, பிரைமர், கிளியர் கோட் எல்லாம் ஊர்ல, மொட்டை மாடில.

இது காலண்டரோட அழகா ஒத்துப்போகும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் நமக்கு வடகிழக்குப் பருவமழை. காத்துல ஈரம் அதிகமா இருக்கும்போது லாக்கர் ஸ்ப்ரே அடிச்சா மேல பால் மாதிரி வெள்ளைப் படலம் வந்துடும், மூணு மாச உழைப்பு போச்சு. அந்த மூணு மாசமும் ரூம்ல பொருத்துற வேலை மட்டும் பாருங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வெயில் இருக்கும், நாலு நாள் லீவும் இருக்கும். ஸ்ப்ரே அன்னைக்கு.

கருவி எவ்வளவு வேணும்? ஒரு எவர்சில்வர் டிபன் டப்பால அடங்குற அளவு. நிப்பர் ஒண்ணு, ஹாபி கத்தி ஒண்ணு, ட்வீசர், 400, 800, 1200 நம்பர் உப்புத்தாள், ஏ4 அளவு கட்டிங் மேட். நிப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமான நிப்பர் பிளாஸ்டிக்கைப் பிய்க்கும், அதைச் சரிபண்ண உப்புத்தாளும் நேரமும் போகும். மத்ததெல்லாம் சாதாரணமானதே போதும். உப்புத்தாள் எந்த ஹார்டுவேர் கடைலயும் கிடைக்கும். "மாடல் உப்புத்தாள்"னு தனியா பாக்கெட் போட்டு விக்கிறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட் போனா மேஜை விளக்கும் பூதக்கண்ணாடியும் பேரம் பேசி வாங்கலாம். மெடிக்கல் ஷாப்ல விக்கிற, ஏழு நாளுக்கு ஏழு குழி இருக்கிற மாத்திரை டப்பா, சின்ன பாகங்களுக்கு அதை விட நல்ல பெட்டி கிடையாது. உப்புத்தாளைத் தண்ணில நனைச்சுத் தேய்ங்க, தூசி பறக்காது. வெட்டும்போது பேனை அணைச்சிடுங்க. ரூம்மேட் கத்துவார், ஆனா பறந்து போன பாகத்தை மூணு கட்டிலுக்கு அடியில தேடறதை விட அது பரவாயில்ல.

கிட்டோட அட்டைப்பெட்டி பாதிக்கு மேல காத்துதான். பெட்டியை ஊர்ல பரண்ல போட்டுட்டு, ஃப்ரேமை மட்டும் ஜிப் கவர்ல கொண்டுவாங்க. குறிப்புப் புத்தகத்தைப் போன்ல படம் எடுத்து வெச்சுக்குங்க.

கருவி ஒரே செட் போதும், உங்க கூடவே போய் வரட்டும். திரவம் மட்டும் ரெண்டு இடத்துலயும் தனித்தனியா வைங்க. தின்னர், ஸ்ப்ரே கேன் எல்லாம் தீப்பிடிக்கிற பொருள். ரயில்வே சட்டம் 1989, 164-வது பிரிவுல, அபாயகரமான பொருளை ரயில்ல கொண்டுபோனா 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. விமானத்துல பெயின்ட் ஸ்ப்ரேயும் தின்னரும் எந்தப் பைலயும் கூடாது, கத்தியை செக்-இன் பைலதான் போடணும். பஸ்ல யாரும் பார்க்க மாட்டாங்கன்னு ஏசி ஸ்லீப்பர்ல தின்னர் பாட்டிலோட ஏற வேண்டாம். 200 ரூபாய் தின்னரை ஊர்ல ஒண்ணு தனியா வாங்கி வெச்சுட்டா முடிஞ்சது. இந்த ஒரு இடத்துல டபுள் செலவு நியாயமான செலவு.

ரூம்லயும் தின்னர் வேண்டாம்னுதான் சொல்வேன். ஜன்னல் சாத்தின ஏசி ரூம், பக்கத்துல கொசுவத்திச் சுருள் எரியுது, இன்னொருத்தர் தூங்குறார். யோசிச்சுப் பாருங்க. பசை இல்லாம அழுத்தினாலே மாட்டிக்கிற ஸ்னாப் ஃபிட் கிட் இதுக்குத்தான் வசதி, இன்னைக்கு வர்ற கண்டம் கிட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். பசை வேணும்னா ஆரஞ்சு வாசம் வர்ற லிமோனின் பசை இருக்கு. பெயின்ட்டுக்கு தண்ணில கரையற அக்ரிலிக். கேம்லின், பெவிக்ரில் மாதிரி நம்ம ஊர் அக்ரிலிக்கே பழகறதுக்கு நல்லாத்தான் இருக்கும். பாகங்களை முதல்ல பாத்திரம் கழுவுற சோப்புல கழுவிக் காயவைக்கணும், அச்சுல இருந்து வர்ற எண்ணெய்ப் பசை போகணும். அப்புறம் மெல்லிசா ரெண்டு மூணு கோட். பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்ல நகம் பட்டா உரியும்ங்கிறதையும் மறக்காதீங்க. வெளியில தெரியற பெரிய பாகத்தை ஊர் ஸ்ப்ரேக்கு விட்டுட்டு, காக்பிட், சீட், சக்கரம் மாதிரி தொடாத இடத்தை ரூம்ல முடிங்க.

மேஜைல பழைய மாசக் காலண்டர் தாளை விரிச்சுட்டு உட்காருங்க. சூப்பர் குளூ ஒரு சொட்டு மேஜைல விழுந்து, காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிச்சுட்டா, அந்த மாடலோட விலை அங்கயே ரெண்டு மடங்கு.

அளவும் ஒரு செலவுதான். தேஜஸ் விமானம் சுமார் 13.2 மீட்டர் நீளம். 1/72 அளவுல அது 18 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு ஸ்வீட் பாக்ஸ்ல டிஷ்யூ வெச்சு ஊருக்குக் கொண்டுபோயிடலாம். சுகோய்-30 சுமார் 21.9 மீட்டர். அதை 1/48-ல கட்டினா 45 சென்டிமீட்டரைத் தாண்டும், உங்க அலமாரித் தட்டுலயே நிக்காது. 1/144 கண்டம் ஒரு சாண் உயரம் கூட இருக்காது. பிஜில இருக்கிற வரைக்கும் சின்ன அளவு. பாக்ஸை பஸ்ல மேல் தட்டுல போடாதீங்க, மடிலயே இருக்கட்டும்.

கிட் வாங்கவே முடியாத மாசத்துல

மாடல்னாலே இறக்குமதி கிட்னு ஆகிப்போச்சு, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம். தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பாருங்க. குளத்துல வளர்ற நெட்டித் தண்டு, ஒரு கத்தி, பசை. அதுல பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடக்குறாங்க. 2020-ல புவிசார் குறியீடு கிடைச்ச கலை அது. நவராத்திரி கொலுவுல படிக்குக் கீழ மண் கொட்டி, கேழ்வரகு முளைக்க விட்டு, குளமும் ரோடும் வெச்சு பார்க் போடறோமே, வெளிநாட்டுல டயோராமான்னு பேர் வெச்சு செய்யறதும் அதுதான்.

இங்கிலாந்துல பீட்டர்பரோ பக்கத்துல நார்மன் கிராஸ்னு ஒரு போர்க்கைதி முகாம் 1797-ல ஆரம்பிச்சாங்க. நெப்போலியன் காலத்துப் போர்ல பிடிபட்டவங்களை அடைச்சு வெச்ச இடம். சாப்பாட்டுல வந்த எலும்பைச் சீவிச் சீவி கப்பல் மாடல் செஞ்சாங்க அந்தக் கைதிங்க, செஞ்சதை வெளி ஆளுங்களுக்கு வித்துக் காசும் பார்த்தாங்க. அந்த முகாம்ல செஞ்ச பொருட்கள் இன்னைக்கும் பீட்டர்பரோ மியூசியத்துல இருக்கு. நம்ம பிஜி ரூம் அதை விட வசதிதானே.

நமக்கு எலும்பு வேண்டாம், பேப்பர் போதும். கேனான் கம்பெனியோட கிரியேட்டிவ் பார்க் சைட்ல கட்டடம், வண்டி, மிருகம்னு பேப்பர் மாடல் டிசைன் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். கெட்டியான தாள்ல கலர் பிரின்ட் எடுக்கற செலவு மட்டும்தான். வாசம் இல்ல, தூசி இல்ல, தட்டையா ஃபைல்ல வெச்சு ட்ரெயின்ல கொண்டுபோகலாம்.

வீட்ல கடன் இருந்தா?

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வீட்ல நகை அடகுல இருக்கு, இல்ல தங்கச்சி கல்யாணக் கடன் ஓடுது, நீங்க இங்க ரூம்ல விமானம் ஒட்டிட்டிருக்கீங்க. "பொம்மை வாங்குற வயசா இது"ன்னு அப்பா கேட்டா பதில் வராது. அந்தக் குற்ற உணர்ச்சில ரெண்டு விதமா போறாங்க. சில பேர் எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு, ஆறு மாசம் கழிச்சு தாங்க முடியாம ஒரே நாள்ல 8,000 ரூபாய்க்கு வாங்கறாங்க. சில பேர் வீட்டுக்குத் தெரியாம கார்டுல வாங்கறாங்க. ரெண்டாவது ரொம்ப ஆபத்து. மறைக்கிற செலவுக்கு வரம்பு கிடையாது.

நான் சொல்றது: வாங்குறதை நிறுத்துங்க, கட்டுறதை நிறுத்தாதீங்க. கட்டிலுக்கு அடியில நாலு கிட் இருக்கா? நாலு நாப்பது 160 மணி நேரம். உங்க வேகம் வருஷத்துக்கு 117 மணி. கிட்டத்தட்ட 16 மாசத்துக்கான பொழுதுபோக்கு ஏற்கெனவே காசு கட்டி வாங்கி வெச்சாச்சு. இனிமே உப்புத்தாளுக்கும் பசைக்கும் மாசம் 150 ரூபாய் இருந்தா போதும். மீதி 850 கடனுக்குப் போகட்டும், வருஷத்துல 10,200 ரூபாய், அசல்ல கழியும். அப்பாகிட்ட இந்தக் கணக்கையே சொல்லலாம். "மாசம் 150 ரூபாய்ப்பா, புதுசா எதுவும் வாங்கல, இருக்கறதை முடிக்கிறேன்"னு சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பொங்கலுக்கு மொட்டை மாடில ஸ்ப்ரே அடிக்கும்போது அவரையே மாஸ்க் போட்டு அட்டையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

வேலை போயிட்டாலும் இதே கணக்குதான். எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கிற நாள்லேருந்து கிட் அக்கவுன்ட்டுக்கு பணம் மாத்தறது நிக்கணும். கையில இருக்கிற கிட் நிக்க வேண்டாம்.

நாலுக்கு மேல, பத்து பன்னெண்டு பெட்டி இருக்கிறவங்க மூணு வருஷத்துக்குள்ள எதைத் தொட மாட்டீங்கன்னு பார்த்து அதை வித்துடுங்க. வாங்கின விலை கிடைக்காது, முக்கால்வாசி கிடைச்சாலே நல்ல விலைன்னு கொடுத்துடலாம். ஃப்ரேம் எண்ணிக்கை சரியா இருக்கான்னு குறிப்புப் புத்தகத்தோட ஒத்துப் பார்த்து, டெக்காலை வெளிச்சத்துல தெளிவா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. வாங்குறவர் முதல்ல கேக்கறது அதைத்தான். விக்கிற விலைல கூரியர் செலவு சேர்ந்திருக்கா இல்லையான்னும் ஆரம்பத்துலயே எழுதிடுங்க. பெட்டி பெருசா இருக்கறதால எடையை விட அளவுக்குத்தான் கூரியர்ல சார்ஜ் போடுவாங்க.